வாயுள்ள சபை பிழைக்கும்

புறக்கோட்டையில் வெங்காய மூட்டைக்கும் நாட்டாமையின் கைவண்டிக்கும் நடுவில் ஒருவாறு உடம்பைச் செருகி, பழைய நகர மண்டபத்தின் மேல்மாடிக்கு ஏறிப் போனால் கொழும்பு மாநகர சபையின் கூட்டம் ஒன்றைக் காணலாம். (தமிழ்நாட்டில் நாட்டாமை தீர்ப்புச் சொல்வார், புறக்கோட்டையில் நாட்டாமை மூட்டை தூக்குவார். கொழும்பில் பதவிகளின் மதிப்பை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.) பெரிய மேசை. சுற்றிவரக் கோட்டுப் போட்ட கனவான்கள். ஒருவரும் கத்தவில்லை, கடதாசி கிழிக்கவில்லை, வெளிநடப்புச் செய்யவில்லை. இரண்டு நிமிடம் நின்று பார்த்தபிறகுதான் ஏன் இவ்வளவு ஒழுங்கு என்பது விளங்கும்: எல்லாரும் பொம்மைகள். வெள்ளைக்காரன் காலத்துச் சபையை ஆளளவில் செய்து, நூதனசாலை என்று பெயர் வைத்து, அப்படியே இருத்திவிட்டார்கள். நான் போன அன்று ஒரு கனவானின் தோளில் தூசி படிந்திருந்தது. நான் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மனத்தாங்கல் இல்லாமல் பிரிந்தோம்.

கீழே இறங்கி வெளியே வந்தால் பக்கத்திலேயே கேமன் வாசல் மணிக்கோபுரம். கேமன் என்றால் ஒல்லாந்த மொழியில் முதலை. ஒரு காலத்தில் கோட்டைக்கு வெளியே தண்ணீரில் முதலை கிடந்ததாம். இப்போது அந்த இடத்தில் நடைபாதை வியாபாரம். அந்த மணியின் சாதகம் சுவாரசியமானது. ஜயவர்தனபுரக் கோட்டேயில், போர்த்துக்கேயர் கட்டிய தேவாலயம் ஒன்றில் பூசைக்கு அடித்த மணி அது. கோயில் இடிந்து, மணி மண்ணுக்குள் கிடந்து, ஒல்லாந்தர் கண்டெடுத்துக் கொண்டுவந்து இங்கே தொங்கவிட்டார்கள். வேலையையும் மாற்றிக் கொடுத்தார்கள். இராத்திரியில் மணி அடித்தால் அர்த்தம் இதுதான்: குடித்தது போதும், தவறணையைப் பூட்டு, விளக்கை அணை, படு.

கொழும்பில் நிர்வாகம் சனத்தோடு பேசத் தொடங்கிய விதம் இது. மணிக்கு நாக்கு உண்டு, காது கிடையாது. அந்த மணிக்குப் பிறகு முந்நூறு வருடமாக நாக்கை மட்டும் மாற்றி மாற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறோம்.

மணிக்கு முந்தியது பறை. இதில் தமிழன் யாருக்கும் சளைத்தவன் இல்லை. மணிமேகலையின் விழாவறை காதையில் யானைப் பிடரியில் முரசை ஏற்றி, புகார் நகர வீதியெல்லாம் ஓர் அறிவிப்பு போகிறது. இந்திர விழா வருகிறது, தோரணம் கட்டுங்கள், வாழை நடுங்கள், தெருவில் கிடக்கும் பழைய மணலை அள்ளிவிட்டுப் புது மணல் போடுங்கள் என்று நீளும் பட்டியல். காப்பியம் என்ற மரியாதையை ஒரு நிமிடம் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால், அது சுத்தமான நகர சபை அறிவித்தல். மணல் அள்ளுவது யார், கூலி யார் கொடுப்பது என்று யானையை மறித்துக் கேட்ட ஆள் எவரும் காப்பியத்தில் இல்லை. சாத்தனார் விட்டுவிட்டாரோ, அல்லது கேட்டவரை யானை விட்டுவிடவில்லையோ.

சிங்கள அரசர்களுக்கு அண பெர இருந்தது, ஆணைப் பறை. ஆங்கிலேயரும் அதைக் கைவிடவில்லை. தங்கள் சட்டப் புத்தகத்திலேயே பறையடித்து அறிவிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பறைக்கு ஒரு நல்ல குணம்: எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். அந்த வசதி அதிக காலம் நீடிக்க விடக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, 1802இல் வர்த்தமானியைத் தொடங்கினார்கள். வர்த்தமானியில் வந்துவிட்டால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்று சட்டம் நம்பும். ஊர் அதைக் கடலை சுற்றி வந்த பிறகுதான் காணும், அதுவும் பாதி.

மாநகர சபை பிறந்தது 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால். 1866இல் சபை கூடியது. தலைவர் கதிரையில் சார்ல்ஸ் பீட்டர் லேயார்ட், மேற்கு மாகாண அரசாங்க அதிபர். அதாவது அரசாங்கத்தின் குறையை மாநகரத் தலைவரிடம் முறையிட்டால், அவர் அதை அரசாங்க அதிபரிடம் கொண்டுபோவார்; கண்ணாடி முன்னால் நின்றால் போதும். உறுப்பினரில் ஒரு பங்கினரைச் சனம் தெரிவு செய்யலாம் என்றும் இருந்தது. சனம் என்றால் சொத்துள்ள சனம். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவனும், கொட்டாஞ்சேனைத் தோட்டத்து லயன் வீட்டில் பத்துப் பேரோடு படுத்தவனும் சனக் கணக்கில் வந்தார்கள், வாக்குக் கணக்கில் வரவில்லை. சபையின் பேச்சு, குறிப்பு, அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில். கேட்கப்பட்டவன் வேறு, கேட்க வேண்டியவன் வேறு.

எல்லாருக்கும் விளங்கிய ஒரே கடதாசி வரிச் சீட்டு. அதற்கு நம்முடைய ஆட்கள் வைத்திருக்கும் பெயர் சோலை வரி. சோலையைக் கண்டவர் யாருமில்லை. வரியைக் காணாதவர் யாருமில்லை. ஜனவரி முடிவதற்குள் வருடம் முழுவதற்கும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்பதை வெள்ளவத்தையில் எந்தக் கிழவியும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மாநகர சபை தன் வரலாற்றில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன செய்தி வேறில்லை. பணம் வாங்கும் இடத்தில் மொழிப் பிரச்சினை வந்ததாகக் கேள்விப்பட்டதும் இல்லை.

பழைய மண்டபம் 1873இல் சந்தைக்கு நடுவில் கட்டப்பட்டது. 1928இல் வெள்ளை வெளேரென்ற புதிய மண்டபம் கறுவாத் தோட்டத்தில் திறக்கப்பட்டது. எதிரே பூங்கா, சுற்றிவர மரம், மேலே குவிமாடம். சனத்துக்கு நடுவில் இருந்த சபை மரங்களுக்கு நடுவில் போய் அமர்ந்தது. மரங்கள் மனுக் கொடுப்பதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து அடைத்த வடிகானைப் பற்றி முறையிட வருகிறவன், அந்தத் தூண்களையும் படிகளையும் கண்டதும் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொள்வான், வாயையும் பூட்டிக்கொள்வான்.

பிறகு நம்முடைய ஆள் ஒருவர் வந்தார். 1937இல் கொழும்பின் தெரிவு செய்யப்பட்ட முதல் மேயர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. மேயர் ஆவதற்கு முந்திய கதைதான் ருசி. 1931இல் கொழும்பு வடக்கில், அதாவது கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், அரச சபைக்கு நின்று வென்றார். தேர்தல் மனுவில் பதவி போனது. நீதிமன்றம் கணவரை வெளியே அனுப்பியது. 1932 இடைத்தேர்தலில் அதே தொகுதி மனைவி நேசம் சரவணமுத்துவை உள்ளே அனுப்பியது. சனத்தின் கருத்தைக் கேட்டால் இப்படித்தான், கேட்டவருக்குத் தலைசுற்றும். அந்த அம்மா கணவரின் கதிரைக்குச் சூடு காட்டப் போனவர் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1936 தேர்தலிலும் வென்று நிலைத்துவிட்டார்.

தெருப் பெயர் மாற்றுவதில் சபைகளுக்கு என்றைக்கும் ஒரு ஆசை. வெள்ளவத்தை ஹை ஸ்ட்ரீட் என்ற தெரு, அதில் வாழ்ந்த சிங்கள நாவலாசிரியரின் பெயரால் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை ஆனது. ஓர் எழுத்தாளனுக்குத் தெரு கிடைப்பதில் எனக்கென்ன எரிச்சல்? நல்ல காரியம். ஆனால் பெயர் மாறியது பலகைக்கு. பழைய ஆட்கள் ஓட்டோவில் ஏறி ‘ஹை ஸ்ட்ரீட்டுக்கு விடு தம்பி’ என்றுதான் சொல்வார்கள், தம்பியும் விடுவான். சபை பலகையால் பேசும், சனம் நாக்கால் பதில் சொல்லும், இடையில் தபால்காரர் இரண்டையும் மனப்பாடம் செய்வார். கழற்றிய பழைய பலகைகள் சில அந்தப் புறக்கோட்டை நூதனசாலையின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. பொம்மைச் சபைக்கு நேர் கீழே.

கேட்டுச் செய்த காலமும் ஒன்று இருந்தது. அதை மறைத்தால் பாவம். 1970களின் கடைசியில் யுனிசெஃபின் உதவியோடு மாநகர சபை தோட்டங்களுக்குள் போனது. கொழும்பில் தோட்டம் என்றால் பூவும் காயும் இல்லை; ஒரு பொதுக் குழாய், வரிசையாகச் சில கழிவறை, நூறு குடும்பம். அங்கே சமூக அபிவிருத்திச் சபைகள் என்று அமைத்து, உங்களுக்கு முதலில் எது வேண்டும் என்று அதிகாரிகள் நேரில் கேட்டார்கள். சபையின் வரலாற்றில் இது அதிசயம். சனம் சொன்ன பதில் கவிதையாக இல்லை: கழிவறைக்குக் கதவு வேண்டும், குழாயடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. பிறகு 1980களில், வீடமைப்பு அதிகார சபை கிணறு, வடிகான், கழிவறை கட்டும் வேலையை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் அந்தந்தத் தோட்டத்துச் சபைக்கே கொடுத்துப் பார்த்தது. தன் வீட்டு வாசல் வடிகானுக்குத் தானே சீமெந்து குழைப்பவன் மணலைக் கூட்டிப் போட மாட்டான். உலகத்து வீடமைப்புப் பாடப் புத்தகங்களில் இந்தக் கதை ஏறியது. கொழும்பில் அது மெல்ல மெல்லக் கோப்புக்குள் இறங்கியது.

மொழிக் கதைக்கு வருவோம். 1956இல் சிங்களம் மட்டும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தில் ‘தமிழும்’. அந்த ‘உம்’ விகுதிக்கு 31 வருடம் பிடித்தது. இன்று வெள்ளவத்தை அடங்கிய திம்பிரிகஸ்யாய பிரதேசமும், கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்புப் பிரதேசமும் இருமொழி நிர்வாகத்துக்கு உரியவை. சட்டம் தெளிவு, அச்சு எந்திரத்துக்குத்தான் தடுமாற்றம். பஸ் ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கைக்கு மேலே, த என்ற எழுத்து ந ஆகி, ‘கர்ப்பிணி நாய்மார்’ என்று எழுதியிருந்த படத்தைப் பார்க்காத இலங்கைத் தமிழர் குறைவு. சனம் கோபிக்க வேண்டிய இடம்; சனம் சிரித்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் அதில் உட்கார்ந்தால் பிரச்சினை, உட்காராவிட்டால் கால் வலி. கேட்டு எழுதுவதற்குப் பக்கத்தில் ஒரு தமிழர் இல்லாமலா போனார்? அந்தப் பஸ்ஸிலேயே பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

சட்டம், பலகை எல்லாம் பெரிய இடத்து விஷயம். ஒழுங்கையில் நடப்பது வேறு. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் ஒரு காலை எழுந்து பார்த்தால் பாதித் தெருவைக் காணவில்லை. பள்ளம். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. பள்ளத்துக்குத் தாய் தகப்பன் கிடையாது. விளக்குக் கம்பத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது, மழை அதை நமக்கு முதலே வாசித்து முடித்திருந்தது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி படலையில் நின்று, பள்ளத்துக்குள் நின்ற மலையகத்துப் பையனைக் கேட்டார்.

‘தம்பி, இதை எப்ப மூடுவியள்?’

‘அது வேற ஆளுங்கம்மா. நாங்க தோண்டுறவங்க. மூடுறவங்க பொறவு வருவாங்க.’

‘எப்ப?’

‘அது அவங்களுக்குத் தானுங்களே தெரியும்.’

அன்ரி அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தார். எனக்குத் தெரிய அந்தப் பள்ளம் தொடர்பாக நடந்த ஒரே கலந்தாலோசனை அதுதான். கடைசியில், மாலையில் தெரு அடைபட்டு நிற்பதைக் கண்டு எங்களுக்குச் சரியான தகவல் கொண்டுவந்தவர் சூன் பாண்காரர். பீத்தோவனின் மெட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் பாண் விற்கிறவர். எந்த ஒழுங்கை திறந்திருக்கிறது, எந்தச் சந்தியால் சுற்ற வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். ஏனென்றால் தெரியாவிட்டால் அவருடைய பாண் காய்ந்துவிடும். அறிவித்தல் ஒட்டுகிறவர்களுக்குக் காய்ந்துபோக ஒன்றுமில்லை.

இனிச் சிரிப்பைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். கொட்டாஞ்சேனையின் பக்கத்தில் புளூமெண்டால் என்றொரு இடம். ஒல்லாந்த மொழியில் பூப் பள்ளத்தாக்கு. அந்தப் பூப் பள்ளத்தாக்கில் கொழும்பின் குப்பையைக் கொட்டிக் கொட்டிப் பள்ளத்தை மலையாக்கினார்கள். 2009 அளவில் அதை நிறுத்தியதும் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. அது மாநகர எல்லைக்கு வெளியே. எல்லைக்கு உள்ளே இருப்பவனின் குப்பை, வெளியே இருப்பவனின் வாசலில். அவனுக்கு இந்தச் சபையில் வாக்குமில்லை. அந்தச் சனம் வருடக்கணக்காகச் சொன்னது, மறியல் செய்தது, அடியும் வாங்கியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். சில நாளில் ஓர் அதிவிசேட வர்த்தமானி வந்தது: குப்பை அகற்றுவது அத்தியாவசிய சேவை, தடுப்பது குற்றம். பேசிய சனத்துக்குக் கிடைத்த பதில் அதுதான்.

2006 தேர்தல் கதையைச் சொல்லாமல் விட்டால் கொழும்பு என்னை மன்னிக்காது. மாநகர சபை அப்போது யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சியின் கோட்டை. அந்த முறை கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. யானையைக் கட்டியிருந்த இடம் காலி. கட்சி யோசித்து, மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்கு வாக்குப் போடச் சொன்னது. வென்றதும் அவர்கள் விலகிக்கொள்வார்கள், பிறகு நம்முடைய ஆட்கள் உள்ளே போவார்கள் என்பது ஏற்பாடு. கொழும்புச் சனம் சொன்னபடி கண்ணாடிக்குப் போட்டது. கண்ணாடி வென்றது. ஓட்டோ ஓட்டிய உவைஸ் மொஹமட் இம்தியாஸ் மேயரானார். விலகச் சொன்னபோது கண்ணாடிக்காரருக்குக் காது கேட்கவில்லை. சபையில் உட்கார்ந்தால் காது போய்விடும் என்பதற்கு இதைவிட விரைவான நிரூபணம் கிடையாது. ஆனாலும், எந்த ஒழுங்கையில் எந்தப் பள்ளம் என்று உடம்பால் அறிந்த மேயர் கொழும்புக்கு அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. பிற்பாடு அந்தச் சபையும் இடையில் போய், விசேட ஆணையாளரின் ஆட்சி வந்தது. ஆணையாளர் யார்? பழைய மேயர் ஒமர் காமில். கொழும்பில் கதிரைகளுக்கு ஞாபகசக்தி அதிகம்.

அந்தத் தேர்தலுக்கு அடுத்த வருடம், 2007 ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களின் கதவுகள் தட்டப்பட்டன. இது மாநகர சபையின் வேலையில்லை, பொலிசின் வேலை. தக்க காரணமில்லாமல் தங்கியிருக்கிறீர்கள், சாமானைக் கட்டுங்கள், பஸ் நிற்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை வடக்கு, கிழக்குப் பக்கம் கொண்டுபோனார்கள். நம் தெருக்களுக்கு அரசு கொண்டுவந்த செய்திகளில் மொழிபெயர்ப்புப் பிழையோ தாமதமோ இல்லாமல் வந்தது அந்த ஒன்றுதான். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. மனுப் போட்டது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம். அதன் நிறைவேற்றுப் பணிப்பாளரின் பெயர் மறுபடியும் ஒரு சரவணமுத்து.

இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2017 பெப்ரவரி முதல். கேள்வியை எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். நல்ல சட்டம், பாவியுங்கள். ஆனால் அதிலும் பாருங்கள், நாம் கேட்கிறோம், அவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் நம்மைக் கேட்பதற்கு ஒரு சட்டம் எழுதினால் எத்தனை நாள் தவணை கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன்.

கேட்பதற்கு ஆளே இல்லாத காலமும் வந்தது. 2023 மார்ச் 9 என்று குறித்த உள்ளூராட்சித் தேர்தலுக்குக் காசில்லை என்றார்கள். மார்ச் 19இல் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். ஜூன் 16இல் இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று வ்ராய் கெலி பல்தசார் மேயரானார். இடைப்பட்ட இரண்டே கால் வருடம் ஆணையாளர் நடத்தினார். குப்பை லொறி வந்தது, சோலை வரிச் சீட்டும் வந்தது, பத்து வீதக் கழிவும் தவறாமல் இருந்தது. உறுப்பினர் எவரும் இல்லாததைக் கவனிக்கச் சிலருக்கு ஒரு மாதம் பிடித்தது, சிலருக்கு இரண்டு வருடம்.

அந்த 27 மாதமும் கொழும்பில் ஓர் ஆசனமும் காலியில்லாமல், எல்லாரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த ஒரே சபை புறக்கோட்டை மேல்மாடியில் இருந்த அந்தச் சபைதான்.